புஷ்பம் அக்கா கொடுக்காத துண்டு

முதல் மழையில் எழும் மண்வாசனையை ரசிக்காத மனிதர் உண்டா என்று அலுவலகத்தில் ஒரு தோழி கேட்டபோது நான் சிரித்து மழுப்பிவிட்டேன். எனக்கு அந்த வாசனை வந்தால் காது தானாகக் கூரைப் பக்கம் போய்விடும். நீலகிரியில் அரவேணுவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டி, மலையைச் செங்குத்தாக வெட்டியெடுத்த இடத்தில் வரிசையாக நின்ற எங்கள் காலனி வீடுகளில் வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் இருக்கும். மழை கொட்டும்போதுகூட அவ்வளவு பயமில்லை. விட்ட பிறகு, ஈரம் ஊறிய மேட்டிலிருந்து மண்கட்டிகள் உதிர்ந்து பின்பக்கத் தகரக் கூரையில் விழும் ஒரு சத்தம் இருக்கிறதே, அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் "பொலபொலப்பு". அது கேட்டால், அடுப்பில் என்ன கொதித்தாலும் அம்மாவின் கரண்டி அப்படியே நிற்கும். சத்தம் ஓய்ந்தால் கரண்டி மறுபடி அசையும். ஓயாவிட்டால் என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குப் போய்விடுவாள்.

வரிசையில் கடைசி வீடு புஷ்பம் அக்காவுடையது. சிறு வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் கப்பலேறி வந்தவர், இங்கே கொழுந்து பறிக்கப் போனவர், புருஷனை இழந்து ஒற்றை ஆளாக ஓர் ஆட்டை வளர்த்துக்கொண்டு இருந்தவர். எங்கள் வரிசையை இன்றைக்கும் அந்தத் தோட்டத்து வழக்கப்படி "லயம்" என்றுதான் சொல்கிறார். மேடு அவர் வீட்டுக்குப் பின்னால்தான் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அதில் ஒரு வெடிப்பு. நான் ஆரம்பப் பள்ளிக்குப் போன நாளில் அதில் என் விரல்கள் நுழையும், பெரிய பள்ளிக்கு மாறிய வருஷம் கை முழுவதும் நுழைந்தது. "உள்ள கைய விடாத புள்ள, மலைக்குக் கூச்சம் வந்து சிலிர்த்துக்கிட்டா நாம எல்லாம் கீழ ரோட்டுல கெடப்போம்" என்று அக்கா சிரித்துக்கொண்டே அதட்டுவார். சிரிப்பு என்னவோ சிரிப்புதான், ஆனால் மழைக்காலம் முழுக்க அவர் கட்டிலை வாசலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுத்தான் படுப்பார்.

ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். எங்கள் காலனிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதை யார் கட்டித் தருவார்கள் என்ற கேள்விக்கு அப்பாவிடம் ஒரே பதில்தான் இருந்தது, அது ஒரு கட்சியின் சின்னம்.

அப்பாவைப் போன்றவர்களை இப்போது பழைமைவாதி என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடுகிறார்கள். எழுதட்டும், அவரும் அதற்குக் கோபப்பட்டிருக்க மாட்டார். சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம், சாலையோரம் மளிகைக் கடை, மாரியம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தா. கடை முன்னால் பீடி பிடிக்கக் கூடாது, பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், கொடுத்த வாக்கு மாறக் கூடாது, கட்சி மாறுகிறவனுக்கு வாசலில் தண்ணீர்கூடக் கிடையாது. சட்டசபைத் தேர்தல் வந்தால் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் ஓட்டுச்சாவடிக்குக் கிளம்புவார். இலவசமாக எது வந்தாலும் முகம் சுளிப்பார். "ஓசியில குடுக்கறவன் அப்பறம் நம்மளைக் கேள்வி கேக்க உடமாட்டான்" என்பது அவருடைய கட்சி.

"ஓட்டுப் போடறது பொண்ணு குடுக்கற மாதிரி. ஆளையும் குடும்பத்தையும் பாத்துக் குடுத்துட்டா அப்பறம் மாத்திப் பேசப்படாது" என்றும் சொல்வார். அம்மா சும்மா இருக்க மாட்டாள். "ஏனுங்க, பொண்ணைக் குடுத்துட்டு அப்படியே உட்டுருவீங்களா? அடுத்த மாசமே போயி எப்படி வெச்சிருக்கறான்னு பாக்க மாட்டீங்க?" என்பாள். அப்பா பருப்பை அளக்கத் தொடங்கிவிடுவார். அந்தக் கேள்வி அவருக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்பாவின் சின்னத்தில் நின்றவர் எங்கள் கோயிலில் சத்தியம் செய்திருந்தார். எங்கள் காலனியில் சத்தியம் என்றால் எரிகிற கற்பூரத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அடித்து அணைப்பது. அடுத்த மழைக்குள் சுவர் வரும் என்று சொல்லி, எல்லோரும் பார்க்க, அவர் கற்பூரம் அடித்தார். அந்தக் கருகிய வாசனையைச் சாட்சியாக வைத்து அப்பா வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். வேறு சின்னத்தில் மனசு வைத்திருந்த புஷ்பம் அக்காகூட, "நீங்க சொல்றதால போடுறேன் அண்ணே" என்று போட்டார். ஜெயித்த கையோடு ஒரு லாரி கருங்கல் வந்து சாலையோரம் இறங்கியது. அதோடு சரி. அடுத்த மழை வந்தது, அதற்கடுத்த மழையும் வந்தது. கல்லில் பாசி பிடித்தது, பிள்ளைகள் நாங்கள் அதன்மேல் ஏறி விளையாடினோம், கல்யாண வீட்டுக்காரர்கள் அடுப்புக் கூட்ட நல்ல கல்லாகப் பார்த்து எடுத்துப் போனார்கள்.

சொன்ன சத்தியத்தைக் காப்பாற்றாதவருக்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. "ஈரம் நிக்கிறது" என்போம். சொல் தப்பியவர் கோயில் படிக்கு வெளியே ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஊர் பார்க்க, செய்யவில்லை என்று வாயால் ஒப்புக்கொண்டு நிற்க வேண்டும். அவர் சொல் தவறியதால் யாருக்கு நஷ்டமோ அந்த ஆள் வந்து உலர்ந்த துண்டு ஒன்றைக் கொடுக்கும்வரை நிற்க வேண்டும். துண்டு கிடைத்தால்தான் கோயிலுக்குள் போகலாம். கிடைத்துவிட்டால் காரியம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. லாரி ஓட்டுகிற ராசு அண்ணன் குடிக்க மாட்டேன் என்று கற்பூரம் அடித்துவிட்டுக் குடித்தபோது, மார்கழிக் குளிரில் பல் கிட்டி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர் மனைவி யோசித்து யோசித்துத்தான் துண்டைக் கொடுத்தார். பிறகு குழாயடியில் யாரோ அதைச் சொல்லிக் கேலி செய்தபோது, "துண்டு குடுத்தாச்சு, வாயை மூடு" என்று அப்பா கடையிலிருந்தே சத்தம் போட்டார்.

மறுபடி தேர்தல் வந்தது. நான் ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எம்.எல்.ஏ. வழக்கம்போல எங்கள் கோயிலிலிருந்துதான் பிரசாரத்தைத் தொடங்குவார், அப்பா பரிவட்டம் கட்ட வேண்டும் என்று கிளைச் செயலாளர் மாணிக்கம் வந்து சொன்னார். அப்பா தராசைக் கீழே வைத்துவிட்டு, "வரட்டுங்க. ஆனா ஈரம் நின்னுட்டு வரட்டும்" என்றார். கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பி மாணிக்கத்தைப் பார்த்தார்கள்.

"என்னங்கண்ணா, நம்ம ஆளை நாமளே நிக்க வெச்சா எதிராளிக்கு எளக்காரமாப் போகாதுங்களா? சுவரு வரலைன்னா எதிர்க்கட்சிக்காரனைக் கேளுங்க, அவன்தான் தடுத்தான்."

"எதிராளியைக் கேக்க எனக்கு என்ன பாத்தியதை இருக்குது? நான் ஓட்டுப் போட்டது இவருக்கு. நான் இவரைத்தான் கேக்கோணும்."

"கடை வெச்சுப் பொழைக்கறீங்க. பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மாணிக்கம் எழுந்து போனார். அதற்குப் பிறகு வந்த நாட்கள் எங்கள் வீட்டில் மூச்சை இழுத்துப் பிடித்த நாட்கள். அப்பாவோடு காலமெல்லாம் கொடி கட்டிய நண்பர்கள் வேறு கடையில் சாமான் வாங்கினார்கள். கடைப் பலகையில் யாரோ சாணியைப் பூசியிருந்தார்கள். அம்மா அதை எங்களுக்குத் தெரியாமல் கழுவிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியும். அப்பா சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பார். சாமி காரியத்தில் விருந்தாளியை வாசலில் நிறுத்துவது பாவமா, நிறுத்தாமல் விடுவது பாவமா என்று அவருக்குத் தீரவில்லை. எனக்கோ அப்பாவை யாராவது அடித்துவிடுவார்களோ என்பதுதான் பயம்.

அன்று காலை மேளச் சத்தம் வளைவுக்கு வளைவு நெருங்கி வந்தது. ஜீப்புகள் நின்றன, மாலைகளோடு எம்.எல்.ஏ. இறங்கினார், பின்னால் இரண்டு கேமராக்காரர்கள். படியின் குறுக்கே அப்பா நின்றார். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டதை அம்மாவின் இடுப்புக்குப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். தரையில் நிறைகுடம் இருந்தது, பக்கத்தில் பித்தளைத் தட்டில் ஒரு வெள்ளைத் துண்டு.

"அய்யா, போன தடவை இதே எடத்துல கற்பூரம் அடிச்சீங்க. சுவரு வரலீங்க. சொன்னதைச் செய்யாதவங்க ஈரம் நின்னுதானுங்க உள்ள வரோணும். என்ற மகனா இருந்தாலும் அப்படித்தானுங்க."

மேளக்காரர்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். மாணிக்கம் அப்பாவின் தோளைப் பிடித்து ஒதுக்கப் போனார். "டேய், கைய எடு" என்று எம்.எல்.ஏ. ஒரு அதட்டல் போட்டார். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார், கேமராக்களை ஒருமுறை பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றினார், செருப்பைக் கழற்றினார், குடத்தைத் தானே தூக்கித் தலையில் ஊற்றிக்கொண்டார். "தப்புத்தான் தாயே! சொன்னேன், செய்யல!" என்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

பெண்கள் குலவையிட்டார்கள். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிற அந்தப் பெரிய மனிதரைப் பார்த்து எங்கள் காலனியே உருகிவிட்டது. அப்பா அழுதார். வாழ்நாளெல்லாம் தான் நம்பிய ஆள் தன்னைக் கைவிடவில்லை என்ற சந்தோஷத்தில் அழுதார். அழுதபடியே தட்டிலிருந்த துண்டை எடுத்து, அவரே நீட்டினார். எம்.எல்.ஏ. தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனார், பரிவட்டம் கட்டிக்கொண்டார், கைகொட்டல் அடங்கவே நேரமாயிற்று. நானும்தான் கைதட்டினேன்.

அம்மா மட்டும் தட்டவில்லை. வீட்டுக்கு வந்து அப்பா தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஏனுங்க, துண்டைக் குடுக்க உங்களுக்கு யாருங்க அதிகாரம் குடுத்தா? மண்ணு விழறது புஷ்பம் ஊட்டு மேல. அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க பாட்டுக்கு எடுத்து நீட்டிட்டீங்க. இனி சுவரைப் பத்தி ஒருத்தரும் வாயைத் தொறக்க முடியாது, தெரியுமுங்களா?"

அப்பா செம்பைக் கீழே வைத்தார். அவர் முகம் வெளுத்துப்போனது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. கூட்டத்தில் புஷ்பம் அக்கா எங்கே நின்றார் என்றுகூட அவர் பார்த்திருக்கவில்லை.

நனைந்து நின்ற படம் பத்திரிகைகளில் வந்தது. எம்.எல்.ஏ. முன்பைவிட நன்றாகவே ஜெயித்தார். ஆடி பிறப்பதற்குள் அப்பா அவருடைய அலுவலகத்துக்குப் போய்ச் சுவரைப் பற்றிக் கேட்டார். உள்ளே விடவில்லை. வெளியே வந்த உதவியாளர், "அதுக்குத்தான் அண்ணன் ஈரம் நின்னுட்டாருங்களே, நீங்களே துண்டு குடுத்தீங்களே" என்று மரியாதையாகவே சொன்னாராம். அப்பா அப்படியே திரும்பி வந்துவிட்டார். எதிர்த்து எப்படிப் பேசுவார்? குழாயடியில் வாயை மூடச் சொன்ன அவருடைய சட்டம்தானே அது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். மத்தியானம் பொலபொலப்பு தொடங்கி நிற்காமல் போகவே, அம்மா எங்களைக் கோயிலுக்கு விரட்டினாள். போகிற வழியில் எல்லாக் கதவையும் தட்டினாள். புஷ்பம் அக்காவும் எங்களோடு வந்துவிட்டார். பாதியில், ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து, அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பினார். பிறகு கேட்டது பொலபொலப்பு இல்லை. லாரி நிறைய ஜல்லியை நம் தலைக்கு மேலேயே கொட்டுவது போன்ற ஒரு சத்தம். அது ஓய்ந்து பார்த்தபோது கடைசி வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண் சரிந்து கிடந்தது.

அப்பாதான் முதலில் ஓடினார். மண்வெட்டி வருவதற்குள் கையாலேயே தோண்டினார். "புஷ்பம், சத்தம் குடு அம்மிணி, சத்தம் குடு" என்று அவர் கத்திய குரலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அக்காவை உயிரோடு எடுத்தார்கள். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. குன்னூரில் பார்த்து, கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எம்.எல்.ஏ. மறுநாளே வந்தார். எங்களுக்கெல்லாம் போர்வை கொடுத்தார், சரிவின் முன்னால் நின்று பேட்டி கொடுத்தார், கோயில் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

தை மாதம் புஷ்பம் அக்கா கட்டைக்கால் வைத்துக்கொண்டு திரும்பி வந்த அன்று, அப்பா ஒரு குடம் தண்ணீரோடு கோயில் படிக்கு வந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. தண்ணீரை ஊற்றிக்கொண்டு, "என்ற பேச்சை நம்பித்தான் நீ ஓட்டுப் போட்டே. உன்னைக் கேக்காம துண்டு குடுத்தது நான்" என்று சொல்லிவிட்டு நின்றார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவின் மடியில் அம்மா ஒரு புதுத் துண்டை வைத்தாள். உறைபனி விழுகிற மாதம். அப்பாவின் உதடு நீலம் பாரித்தது. அக்கா துண்டைத் தடவிக்கொண்டே இருந்தார். கொடுத்துவிடுங்கள் அக்கா, கொடுத்துவிடுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"எனக்கு மனசு வருதில்ல அண்ணே" என்றார் கடைசியில். "நீங்க நல்லவங்க, எனக்கு விளங்குது. இன்னிக்கு நான் உங்களுக்குக் குடுத்தா, அன்னிக்கு அந்தாளுக்குக் குடுத்ததும் சரின்னு ஆயிரும். அவரு வந்து என் முன்னால நிக்கட்டும். அவருக்கு அப்புறம்தான் உங்களுக்கு. ஊட்டுக்குப் போங்க, காய்ச்சல் வரும்."

"செரி அம்மிணி" என்று சொல்லிவிட்டு அப்பா நனைந்த துணியோடு நடந்தார். துண்டு கிடைக்காதவர் கோயிலுக்குள் போகக் கூடாது. தர்மகர்த்தா சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து படிக்கு வெளியே நின்றே சாமி கும்பிட்டார். எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். "எம்.எல்.ஏ.வுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு சட்டம் வெக்க முடியுமுங்களா?" என்பார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வரும், அக்கா மேலும்தான். ஆனால் அவர்கள் இருவருக்கும் இடையில் ஒரு கசப்பும் இல்லை. அக்கா எங்கள் கடையில்தான் அரிசி வாங்கினார், அம்மா வைத்த குழம்பைத்தான் சாப்பிட்டார்.

சரிவுக்குப் பிறகு சுவர் வந்தது, எம்.எல்.ஏ. பெயர் பொறித்த பளிங்குக் கல்லோடு. அடுத்த தேர்தலில் அக்கா மடியில் துண்டோடு கோயில் படியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நிறைகுடம் வைத்துக்கொண்டு அப்பா. ஜீப் வளைவில் திரும்பி வேகம் குறைந்தது. அப்பா ஒரு எட்டு முன்னால் வைத்து, "அய்யா" என்று கூப்பிட்டார். எம்.எல்.ஏ. அக்காவின் காலைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், கையைத் தூக்கிக் கும்பிட்டபடியே போய்விட்டார். அந்த முறை அவர் தோற்றார். எங்கள் காலனி ஓட்டால்தான் என்று பெருமை பேச மாட்டேன், எங்கள் ஓட்டு அவ்வளவு கிடையாது. அதற்கடுத்த தேர்தலில் அவர் வேறு சின்னத்தில் நின்றார். அன்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அப்பா வேட்டியை மாற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாருக்குப் போட்டீங்க என்று அம்மா கேட்கவில்லை.

அப்பா போனது மூன்று வருஷத்துக்கு முன்னால். வாசலில் பெஞ்சியில் வைத்துக் குளிப்பாட்டினார்கள். உறவுக்காரர்கள் கோடித் துணியோடு நின்றார்கள். அப்போது புஷ்பம் அக்கா தடியை ஊன்றிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். கையில் அந்தத் துண்டு, மடிப்புக் கலையாமல், பழுப்பேறி. "இதால தொடைங்க. இவரு நின்னது போதும்" என்றார். அம்மா அதுவரை அழாமல் இருந்தாள், அந்தத் துண்டைப் பார்த்த பிறகுதான் உடைந்து அழுதாள். தூக்கிக்கொண்டு போனவர்கள் யாரும் சொல்லாமலே கோயில் படிமுன் ஒரு நிமிஷம் நின்றார்கள்.

இந்தத் தேர்தலுக்கு ஓட்டுப் போட ஊருக்கு வந்திருக்கிறேன். கோயிலுக்குக் கிரானைட் போட்டாயிற்று. கற்பூரம் ஏற்றினால் கரி பிடிக்கிறது என்று கமிட்டியில் தடுத்துவிட்டார்கள். சத்தியம் கேட்பாரும் இல்லை, ஈரம் நிற்பாரும் இல்லை. சுவர் நடுவில் லேசாக வயிறு தள்ளியிருக்கிறது. பளிங்குக் கல்லுக்குக் கீழே ஒரு வெடிப்பு, என் விரல்கள் நுழைகின்றன. ஒரு புதுத் துண்டு வாங்கிக்கொண்டு போய்ப் புஷ்பம் அக்காவிடம் கொடுத்தேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. நாற்காலியைக் கோயில் படிக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். நான் குடத்தை நிரப்பி வைத்தேன்.

பாட்டுச் சத்தத்தோடு வேன் வந்தது. "சுவரு தள்ளிக்கிட்டு நிக்குதுங்க" என்று நான் கத்தினேன். மேலே நின்ற வேட்பாளர் என்னைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டார், பக்கத்திலிருந்தவர் என்னை செல்போனில் படம் எடுத்தார், வேன் வளைவில் திரும்பியது. மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. எங்கேயோ பெய்யத் தொடங்கிவிட்ட கோடை மழையின் மண்வாசனை முதலில் வந்தது.

"எறங்குறாங்களா புள்ள?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா. போயிட்டாங்க."

"அப்ப துண்டை உள்ள எடுத்து வை. மழை வருது, நனைஞ்சிரும்."